பெட்ரோலா, பிளக்கா?

கேள்வி: நன்றாக ஓடும் பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சார கார் வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஷோரூமுக்குப் போகும் முன் கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வாசகரின் சொந்த மீட்டரிலிருந்து 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இழுக்க முடிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. காரும் அவரும் ஒரே நேரத்தில் தூங்கலாம்!

மீதிப் பாதி, மாத ஓட்டம். 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் செலவு சுமார் 6,700. மின்சார கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் 167 யூனிட்; யூனிட் 10 ரூபாய் வீதம் 1,670. பத்து ரூபாயா என்று மலைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கார் குடிக்கும் யூனிட்டுகள் மேல் படியில்தான் போய் விழும்.

ஆக, மாதம் 5,000 ரூபாய் மிச்சம். காரை மாற்றக் கைக்காசு 4 லட்சம் போட வேண்டியிருந்தால், அதை மீட்க 80 மாதங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருவதால் கணக்கு இடிக்காது.

மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் பழைய காரே ஓடட்டும். புதிய பேட்டரி செய்யவும் கரி எரிகிறது.

மதுரைக்கு அடிக்கடி போகிறவரா? சுமார் 460 கிலோமீட்டர். வழியில் ஒரு முறையாவது சார்ஜ் போட நேரிடும். விரைவு சார்ஜர்களில் கட்டணமும் அதிகம். விழுப்புரத்திலோ திருச்சியிலோ சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வீட்டார் சம்மதிக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.