விசா மறுப்பும் மறுமொழி மரபும்: திருவண்ணாமலைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் நில எல்லை, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர். கருத்தெல்லை, சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கண்ணாடிக் கவுன்டர் வரை நீளும். புள்ளிவிவரம் எதுவும் இதில் இல்லை. ரிஜக்ட் ஆனவர்கள் கணக்கெடுப்புக்கு ஒத்துழைப்பதில்லை.

இவ்வூரில் சுற்றுலா விசா மறுக்கப்பட்டோர் பெரும்பாலும் இருவகையினர். ஒருவர், டாலஸில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாயார். மற்றவர், செங்கம் சாலையில் அறை வாடகைக்கு விடுபவர். தம்மிடம் தங்க வரும் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுத் தளத்தில் ஏற்றுபவர். வருடாவருடம் வரும் ஜெர்மானியர் ஒருவர் கூப்பிட்டாரே என்று தாமும் ஒருமுறை போய்வர நினைத்தவர். இருவர்க்கும் கிடைத்த விடை ஒன்றே: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

இந்த அவநம்பிக்கை சட்டப்படியானது. 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், 214(பி) பிரிவில், விசா கேட்டு வருபவரைக் குடியேற வந்தவராகவே முதலில் கருதச் சொல்கிறது. அப்படி இல்லை என்று மெய்ப்பிப்பது வந்தவர் பாடு. ஐரோப்பாவின் ஷெங்கன் மறுப்புப் படிவத்தில் இதே ஐயத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதிகாரி அதில் டிக் அடித்தால் போதும்.

மறுப்புக்கான காரணத்தை மறுப்புக் கடிதத்தில் தேடாமல் வேறெங்கும் தேடுவதே நம்மவர் மரபு. ராஜகோபுரத்தெதிரே டீக்கடைகளில் இதுபற்றி மூன்று மதங்கள் வழங்குகின்றன. சட்டைவாதிகள் கட்டம் போட்ட சட்டையைக் குற்றம் சொல்வர். இராகுகாலவாதிகள் கடிகாரத்தைக் காட்டுவர். இவ்விரு மதங்களையும் மறுப்பது எளிது. கட்டம் போட்ட சட்டையோடு இராகுகாலத்தில் போய் விசா வாங்கியவரும் உண்டு. கவுன்டர்வாதிகளை மட்டும் வெல்ல முடியாது. "மூணாம் கவுன்டர் அம்மாகிட்ட போனாலே ரிஜக்ட்தாண்ணே" என்பர். நாலாம் கவுன்டரில் மறுத்தார்களே எனின், அன்றைக்கு அந்த அம்மா நாலில் உட்கார்ந்திருந்தார் என்பர்.

அடுத்தது நெடுங்கடித மரபு. தூதரக அதிகாரிக்கு ஐந்து பக்கம்: பூர்வீகம், புஞ்சை நிலத்தின் சர்வே எண், தீபத் திருவிழாவில் குடும்பத்துக்குள்ள உபயம். பாவம், படிக்க ஆளில்லை. 214(பி) மறுப்புக்கு அப்பீலே கிடையாது. மறுபடி 185 டாலர் கட்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். குடும்பத்தாரைப் பார்க்க வருவோர்க்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமையை பிரிட்டன் 2013இல் எடுத்துவிட்டது. எழுதிக் கேட்டால் இன்னொருமுறை பார்க்கும் வழக்கத்தை ஜெர்மனியும் 2025 ஜூலை 1 முதல் நிறுத்திக்கொண்டது, இனி வழக்குத்தான். பிரான்சுக்கானால் இன்னும் 30 நாளுக்குள் நாந்த் நகரத்து விசா துணை இயக்குநருக்கு எழுதலாம். நெடுங்கடிதக்காரர் எவரும் பிரான்சுக்கு விண்ணப்பித்ததாக நமக்குச் சான்று கிட்டவில்லை.

இனி, அறை வாடகைக்காரர் தரப்பில் நாம் வைக்கும் வாதம். இது வந்தவர் போகாத ஊர். 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்த 16 வயதுப் பையன் வெங்கடராமன், 1950இல் ரமண மகரிஷியாக உடல் விடும்வரை ஊரைத் தாண்டவில்லை. அழைத்துப் போக வந்த தாயாரும் கடைசியில் இங்கேயே தங்கிவிட்டார். 1959இல் வந்து தங்கிய யோகி ராம்சுரத்குமாரும் அப்படியே. அற்றேல், இவ்வூர் அளவுக்குமீறித் தங்குவோரின் ஊர் என்று அதிகாரி ஐயுறாரோ எனின், ஐயுறார், என்னை? தங்கியது இங்கே. வேற்றூரில் பிறந்தவரையே விடாத மலை, இங்கே பிறந்தவரை பிராங்பர்ட்டில் விட்டுவைக்குமா? மேலும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பழக்கம் உள்ளவரை எந்த நாடும் நம்பலாம். ஹைதராபாத் அருகே சில்கூர் 'விசா பாலாஜி'க்கு வேண்டுதல் பலித்தால் 108 சுற்று; அது விசா வாங்கியதற்குச் சுற்றுவது. நம்முடையது திரும்பி வருவதற்கான பயிற்சி.

வாதம் அசைக்க முடியாதது. ஆனால் படிவத்தில் இதற்கு இடமில்லை. கேட்பதெல்லாம் ஐடி ரிட்டர்ன், வேலைச் சான்று, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். மலையை ஸ்கேன் எடுக்க முடியாதபடியால் நம்மவர் மச்சானிடம் போகிறார். மச்சான் ஆறு லட்சத்தைக் கணக்கில் போடுகிறார். இப்பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்கிறார். மச்சானைத் தவிர வேறு விடை இல்லை.

பொய்ச்சான்று கொடுத்தால் என்னாகும் என்பதற்கு உலகின் மூத்த வழக்கு இவ்வூரிலேயே நடந்தது. சோதியாய் நின்றவனின் முடிகாணப் பறந்த பிரமன், காணாமலே கண்டேன் என்றான். வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தான். தீர்ப்பு: பிரமனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூசை இல்லை. இன்றைய அட்டவணையும் இதன் வழிநூலே. பொய்த் தகவலுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, பிரிட்டனில் 10. அமெரிக்காவிலோ, தனி விலக்குக் கிடைத்தாலன்றி, ஆயுளுக்கும். ஏஜென்ட் அச்சடித்துத் தரும் 'மேனேஜர்' லெட்டர்பேட் தாழம்பூ வகைத்தே. பிரமனுக்குக் கிடைத்தது ஒரே சாட்சி. ஏஜென்ட் மூன்று தருவார், பணம் தனி.

பன்றியாய்ப் பூமியைத் தோண்டிய திருமாலோ, அடி காணவில்லை என்று ஒப்பினார். அவர்க்குத் தடை ஏதும் இல்லை. இத்திருமால் மரபினர் செய்வது சிறிது: கடிதத்தில் டிக் விழுந்த கட்டத்தை மட்டும் படிப்பர். கனடா என்றால், அங்குள்ள மகனோ மருமகளோ இவர் சம்மதத்துடன் 5 டாலர் கட்டி அதிகாரியின் உட்குறிப்பையே வாங்கலாம். பணம் காரணம் என்றால், சொந்த வருமானம் கணக்கில் ஊறும்வரை பொறுப்பர். நிலைமை மாறாமல் அதே தாளை மறுவாரமே நீட்டினால் அதே விடைதான் வரும். கட்டணம் மட்டும் புதிது.

அமெரிக்க விண்ணப்பத்தில் ஒரு வினா உண்டு: இதற்குமுன் உமக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா? ஆம் என்று எழுதுக. அவர்கள் கணினியில் அது முன்பே இருக்கிறது. 'இல்லை'ன்னு போடுங்க சார், யாரு பார்க்கப்போறா என்கிற ஏஜென்டுக்கு அடுத்த பௌர்ணமியில் ஒரு முழம் தாழம்பூ வாங்கிக் கொடுத்து, நேரே கருவறைக்கு எடுத்துப் போகச் சொல்லலாம்.