பழுது மேலே, மெக்கானிக் கீழே

ஏற்காட்டுக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களோடு வருகிறார்கள். மகன் புதுசு வாங்கியதும் அப்பாவுக்கென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர், ரிட்டயர் ஆன கையோடு தொப்பையைக் கரைக்க வாங்கிய கியர் சைக்கிள், 'மலைக்கு இது போதும்' என்று விற்காமல் வைத்திருக்கும் பழைய கார். மூன்றும் கெட்டுப்போகும். அது பிரச்சினையில்லை, எல்லாவற்றுக்கும் சேலத்தில் ஆள் உண்டு. மேலே மக்கர் பண்ணிய பொருள், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மெக்கானிக் முன்னால் நின்றதும் ஒன்றும் தெரியாத பிள்ளையாக மாறிவிடும் பாருங்கள், அதுதான் பிரச்சினை. ஆகவே ரிப்பேர் செய்வது எப்படி என்று இந்தக் கையேட்டில் தேடாதீர்கள். ரிப்பேர் இருக்கிறது என்று இன்னொருவரை நம்பவைப்பது எப்படி என்பதற்கே இது.

மேலே ஆளே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்டேட் ஜீப்பைக் கழற்றி மாட்டுகிற கைகள் மலையிலும் உண்டு. கோளாறைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள். "ஸ்பேர் கீழேருந்து வரணும் சார்" என்ற இடத்தில் வைத்தியம் நிற்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை மலைக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையையும் கொண்டுவந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குவோம். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். பீரோவில் தொங்கும் கல்யாணக் கோட்டே பூஞ்சை பூக்கிற ஊரில் கம்ப்யூட்டரின் மெமரி அட்டையான ராம் மட்டும் தப்பிக்குமா? அதன் தங்க விளிம்பில் ஈரமும் அழுக்கும் படியும். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், பெட்டி 'பீப் பீப்' என்று கத்தும், திரை கருப்பாகவே இருக்கும். நீங்கள் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குவீர்கள். வளைவுக்கு வளைவு குலுங்கியதில் ராம் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். மிச்ச ஈரத்தைக் கோரிமேட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் நடுவில் வெயில் குடித்துவிடும். கடைத்தம்பி வயரைச் சொருகி ஒரே அமுக்கு. திரையில் பேத்தி சிரிப்பாள்.

"என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?"

"ஆன் ஆக மாட்டேங்குதுப்பா."

"ஆயிருச்சே சார்."

"மேலே ஆகலையே."

"மேலேன்னா ஏற்காடுங்களா? ஆரஞ்சு கொண்டாந்திருக்கலாமே சார்."

செக்கிங் சார்ஜை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். மறுநாள் காலை மேலே மறுபடியும் பீப்.

ரிப்பேர் சொல்லித்தர மாட்டேன் என்றேன், இதற்கு மட்டும் விதிவிலக்கு. மலை இறங்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ராமை எடுத்து, பேத்தியின் பென்சில் ரப்பரால் தங்க விளிம்பை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். கடையிலும் இதைத்தான் செய்வார்கள், உங்களை டீ குடித்துவரச் சொல்லிவிட்டு. மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டால் பெட்டியின் சூடே ஈரத்தை விரட்டும். இடி முழங்கினால் மட்டும் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்கு எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது தேதிக் கோளாறு. பேங்க் இணையதளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பானது அல்ல' என்று வரும். யாரோ பணத்தை அடித்துவிட்டார்கள் என்று வீடே கலங்கும். திரையின் மூலையைப் பாருங்கள், பல வருஷத்துக்கு முந்தைய தேதி இருக்கும். பேங்க் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை. போர்டில் எட்டணா அகலத்துக்கு ஒரு பேட்டரி இருக்கிறது, பெயர் சிஆர் 2032. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தைக் காப்பது அதன் வேலை. அது செத்துவிட்டால், மரம் விழுந்து கரண்ட் போகும்போதெல்லாம் காலம் பின்னால் போகும். சேலத்துக் கடையில் தேதியைத் திருத்தி அரைநாள் ஓடவிடுவார்கள், பிளக்கில் இருக்கிறவரை ஒரு குறையும் தெரியாது. அங்கே நீங்களே பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி மாட்டிக் காட்டுங்கள். மெக்கானிக் முன்னால் பழுதைப் பிறக்கவைக்கும் முதல் வித்தை இது.

சைக்கிளுக்கு வருவோம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். கொல்லிமலைக்காரர்கள் தங்கள் 70 வளைவுகளைச் சொல்லி நம்மைக் கிண்டல் செய்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். சங்கிலி தேய்ந்து நீண்ட சைக்கிள் எந்த வளைவிலும் ஒரே மாதிரிதான் மானத்தை வாங்கும். முழு பலத்தோடு மிதிக்கும்போது மட்டும் பல்சக்கரத்தின் மேல் ஏறி 'டடக்' என்று வழுக்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். கீழே கடைக்காரர் ஸ்டாண்டில் மாட்டிக் கையால் சுற்றினால் தறியில் நூல் ஓடுவதுபோல ஓடும். பின்சக்கரத்துப் பக்கம் தொங்குகிற கியர் தொங்கட்டானை ஒரு திருகு திருகிவிட்டு, "செட்டிங் பண்ணியாச்சு சார்" என்பார். அவரை அடிவாரம்வரை கூட்டி வந்து, மிதிக்கச் சொல்லி மேட்டில் ஏற்றுவது ஒன்றே வழி. வரமாட்டார். சங்கிலி தேய்மானம் பார்க்கும் அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள், வாதம் இரண்டு நிமிஷத்தில் முடியும். சங்கிலியோடு பல்சக்கரமும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் சங்கிலி இன்னும் மோசமாக வழுக்கும்.

மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. கோடை விழா சமயத்தில் சுற்றுலா வேன் டிரைவரிடம் இந்த விதியை எடுத்துச் சொல்ல ஆசையாக இருக்கும். சொல்ல மூச்சு இருக்காது. முதுகுப்பையில் இருக்கும் வாழைப்பழம் குரங்குக்கு, அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கார்தான் மூன்றிலும் பெரிய நடிகன். "மேலே புல்லிங்கே இல்லைங்க" என்று புகார் சொல்வீர்கள். மெக்கானிக் ஐந்து ரோடு பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "குதிரை மாதிரி போகுதே சார்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். சேலத்துக் காற்றழுத்தத்தைவிட ஏற்காட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் தலையணையாக உப்புவதைப் பாருங்கள். பாக்கெட்டுக்கு அது நல்ல காலம், டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பஞ்சம். இதற்கு எந்த மெக்கானிக்கிடமும் மருந்து கிடையாது, முதல் கியரைத் தவிர.

பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணமுடையது, ஏற்காட்டில் அதற்கு விருந்து. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி மலையில் ஆயிலில் ஆவிக்குமிழி வந்து, பெடல் பஞ்சுமெத்தையாகத் தரைவரை போகும். எப்படியோ கீழே வந்து சேர்ந்து, காரை நிறுத்தி, முகம் கழுவி, ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்குள் ஆயில் ஆறிவிடும். பெடல் கல்லு மாதிரி நிற்கும். "நல்லாத்தானே இருக்கு" என்பார் மெக்கானிக். நம்பாதீர்கள். காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் "ஆயில் மாத்திடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றுவது மலைக்காரர்களுக்கு அதிகமில்லை. ஏறின கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற மகான்களுக்கு ஒரு சேதி: ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் உருண்டு இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோலை நிறுத்தியே விடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே வரும்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கத்தான் வேண்டுமென்றால் மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். கம்ப்யூட்டரைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போடுங்கள், சைக்கிளை டிக்கியில் கட்டுங்கள், முந்தின இரவே ஏற்றிவிடுங்கள், தெருவில் மூச்சு விடாதீர்கள். நீங்கள் சேலம் போகிற சேதி காலை டீக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு இன்வெர்ட்டர், டீச்சரம்மாவின் ஒரு கால் இல்லாத மூக்குக் கண்ணாடி எல்லாம் உங்களோடு இறங்கும். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் யாராவது கையைக் காட்டி, "எங்கண்ணே, கீழேயா?" என்று கேட்டால், "இல்லப்பா, சேர்வராயன் கோயிலுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கோயில் எந்தப் பக்கம், உங்கள் கார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அவருக்கும் தெரியும். பதில் சொல்லி முடிப்பதற்குள் முன்சீட்டில் ஒரு பிரிண்டர் ஏறியிருக்கும். "பேப்பர் சிக்குதுண்ணே. ஆனா கடையில வெச்சுப் பாத்தா சிக்காது, அதையும் சொல்லிருங்க."