ஒண்ணும் பண்ணாதுங்க

"வாங்க தம்பி, ஒண்ணும் பண்ணாதுங்க!"

இந்தக் குரல் எப்போதும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். நாம் கேட்டுக்கு வெளியே, ஒரு கை தாழ்ப்பாளிலும் ஒரு கால் ஸ்கூட்டரிலுமாக நிற்போம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு தலை. அந்த உறுதிமொழியில் தனக்குச் சம்பந்தம் இருப்பதாக அந்தத் தலை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ராசிபுரத்திலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும், இந்தப் பக்கம் சங்ககிரி வரைக்கும் இவர் இல்லாத ஊர் கிடையாது. கோழிப்பண்ணை இருக்கும், இல்லாவிட்டால் ரெண்டு லாரியோ ஒரு ரிக் வண்டியோ ஓடும். தோட்டத்து வீட்டைச் சுற்றி எட்டடிக்குக் காம்பவுண்டு எழுப்பிய கையோடு நாய்க்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அவருடைய அப்பா காலத்தில் அதே தோட்டத்தில் மணி என்று ஒன்று கிடந்தது. பழைய சோற்றுக்கும் மோருக்கும் பதிநாலு வருஷம் வேலை பார்த்தது. ஆள் வந்தால் குரைக்கும், "டேய் மணி" என்றால் நிறுத்தும். இவருக்கு அது போதவில்லை. குரைப்பதை நிறுத்துகிற நாய் என்ன நாய்?

நான் மாதாமாதம் ஐந்தாம் தேதி இவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். சீட்டுப் பணம். ஒன்பது வருஷமாகக் கட்டுகிறேன்; ஒரு சீட்டு முடிந்தால் அடுத்ததில் பேரைச் சேர்த்துவிடுவார். ஆகவே அந்த 'ஒண்ணும் பண்ணாதுங்க'வை ஒன்பது வருஷமாக ஆராய்ந்து வருகிறேன் என்றும் சொல்லலாம். கேட் திறக்கிற வரைக்கும்தான் அந்த வாக்கியம். திறந்ததும் அது நேராக வந்து இடுப்பில் மூக்கை வைக்கும். "மோந்து பாக்குதுங்க, பழக்கம் புடிக்குது." மோந்தது திருப்தியில்லை என்றால் முன்னங்கால் ரெண்டையும் தூக்கி நெஞ்சில் போடும். நன்றாக வளர்ந்த ஆண் ராட்வீலர் ஐம்பது கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை. சிமென்ட் மூட்டைக்கு நகம் கிடையாது, எச்சில் ஒழுகாது. "வெளையாடுதுங்க." நாம் பின்வாங்கிச் செம்பருத்திச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டால், "உங்களப் புடிச்சுப்போச்சுங்க அதுக்கு." வேட்டி கிழிந்தால் மட்டும் முகத்தில் அசல் ஆச்சரியம் வரும். "இதுவரைக்கும் இப்பிடிப் பண்ணுனதே இல்லீங்களே!" இதே ஆச்சரியத்தை அவர் கேபிள் பையனிடம் பட்டிருக்கிறார், மீட்டர் கணக்கெடுக்க வந்தவரிடம் பட்டிருக்கிறார், பால் ஊற்றும் அம்மாவிடம் இருமுறை பட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது முதல் முறைதான்.

பிறகு விசாரணை நடக்கும். குற்றவாளிக் கூண்டில் நாம். "பயந்துட்டீங்க தம்பி, பயந்தா அதுக்கு வாசம் தெரிஞ்சுபோகும்." "கையில கொடை வெச்சிருந்தீங்கல்ல? கொடைன்னா ஆகாது அதுக்கு." "ஹெல்மெட்டக் கழட்டிப்போட்டு வந்திருக்கோணும்." "வேகமா நடந்தீங்க." மறுமாதம், "மெதுவா நடந்தீங்க, சந்தேகப்பட்டுருச்சு." குடையும் ஹெல்மெட்டும் இல்லாமல், வேகமாகவும் போகாமல் மெதுவாகவும் போகாமல், துளி பயமும் இல்லாமல் அந்த வாசலைக் கடக்கக்கூடியவர் இந்த ஜில்லாவில் ஒருவர்தான் உண்டு. பதினெட்டடி உயரத்தில் நாமக்கல் கோட்டை அடிவாரத்தில் நிற்கிறார். அவரும் கைகூப்பிக்கொண்டுதான் நிற்கிறார்.

'கடி' என்ற சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை. பல்லு படும், அவ்வளவுதான். 2019இல் எனக்குக் கெண்டைக்காலில் பல்லு பட்டது. நாலு பல். அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அரசு ஆஸ்பத்திரிக்கு நாலு நடை. நடைக்கு ரெண்டு கையிலும் ஊசி. "நாய்க்குத்தான் வருஷா வருஷம் ஊசி போட்டிருக்குதுங்களே, உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியபோது இவர் தாத்தாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டடச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

இதே மனிதர் பொழுதோடு பேக்கரியில் டீ கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது கேட்க வேண்டும். "நம்முளுது இருக்குதே, ராத்திரி எவனாச்சும் காம்பவுண்டு மேல கைய வெச்சான்னு வைங்க, அந்தக் கையி அவனுக்குச் சொந்தமில்லீங்க." ஆக, சுவரேறி வருகிறவனுக்குப் புலி, கேட்டைத் தட்டி வருகிறவனுக்குப் பூனை. எந்தப் பக்கமாக வருகிறோம் என்பதை நாய்க்கு எழுதியா கொடுக்க முடியும்? மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மாசி மாத இரவில் எவனோ உள்ளே வந்து, கிணற்று மோட்டார் ஒயரை முழுசாக அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனான். காலையில் ஊரே கூடி நின்றது. நாய் என்ன செய்தது என்று யாரோ கேட்டார்கள். "ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து உண்மையாகக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். யாரையும் குறிப்பிடவில்லை.

நாயைப் பழக்கவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. சேலத்திலிருந்து ஒரு டிரெய்னர் மூன்று மாதம் வந்துபோனார். அவர் "சிட்" என்றால் அது உட்காரும். அவர் வண்டி சத்தம் தேய்ந்ததும் எழுந்துகொள்ளும். இவர் "சீசர், சிட்! சீசர், கம்! சீசர், நோ!" என்று, மகளின் பள்ளிக்கூடத்து மீட்டிங்கில்கூடப் பேசாத இங்கிலீஷை எல்லாம் செலவழிப்பார். அது அவரைப் பார்க்கும், கொட்டாவி விடும். "அதுக்கெல்லாம் தெரியுமுங்க, செய்யறதில்ல, அவ்வளவுதான்" என்பார் பெருமையோடு. சமையல்கட்டிலிருந்து அக்கா கரண்டியைக்கூட எடுக்காமல் வந்து "அக்கட்டால போ சாமி" என்பார். போய்விடும். நாயே வேண்டாம் என்று கடைசிவரை சண்டை போட்டவர் அவர்தான்.

நாயையும் முழுசாகக் குற்றம் சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் ராட்வைல் என்று ஓர் ஊர். அங்கே கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டவும் கறி வண்டி இழுக்கவும் வளர்ந்த இனம் இது. மாடு சொன்ன பேச்சு கேட்காது. அதை ஓட்டுவதற்கு அதைவிடச் சொன்ன பேச்சு கேட்காத ஒன்று தேவைப்பட்டது. வழி விலகிப் போகிற மாட்டை உடம்பால் சாய்ந்து, முட்டித் தள்ளித் திருப்பும். கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க அங்கே நேரமில்லை, முடிவெடுப்பது நாய்தான். இப்போது ஓட்ட மாடு இல்லை, நம் முழங்கால்தான் இருக்கிறது. அதன் மேல் வந்து சாய்கிறது. இதற்கு முன்னால் இவர் ஒரு டாபர்மேன் வைத்திருந்தார். அதுவும் ஜெர்மனிதான். அபோல்டா என்ற ஊரில் லூயி டாபர்மேன் என்கிற வரி வசூல்காரர் உருவாக்கிய ஜாதி. பணம் வாங்கப் போகிறவருக்குத் துணையாக இருக்க வேண்டிய நாய். பணம் கொடுக்க வருகிறவனைத் துரத்துவதற்கு அதைத் திருப்பிவிட்டது எங்கள் ஜில்லாவின் கண்டுபிடிப்பு.

ஒரு மே மாதம் ஏற்காடு கோடை விழா நாய்க் கண்காட்சிக்கும் சீசரைக் கொண்டுபோனார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. மேலே போனதும் குளிர்ச்சியான புல்லைப் பார்த்தது, படுத்துவிட்டது. நடுவர் வந்தார், போனார். பரிசைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

2024 மார்ச் 12ஆம் தேதியை மட்டும் சொல்லாமல் விட மனசில்லை. அன்றைக்கு மத்திய கால்நடைத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களை விற்கவும் வளர்க்கவும் மாநிலங்கள் உரிமம் தரக்கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். பட்டியலில் ராட்வீலர் இருந்தது. அதுவரை எட்டு வருஷமாக, கென்னல் கிளப் சான்றிதழை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சீசரின் தாத்தா பாட்டி பெயர்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்; சொந்தப் பாட்டன் பெயரைக் கேட்டால் சித்த யோசிப்பார். அந்த வாரம் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "ராட்வீலரா? அட நீங்க வேற. நம்ம ராசிபுரம் பக்கத்து நாட்டு நாய்ங்க. சோறு ஜாஸ்தி, அதான் கொஞ்சம் ஊதிப்போச்சு." ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்பது காரணம். சான்றிதழ் திரும்பவும் ஆணிக்கு வந்தது. மே மாதம் மறுபடியும் இறங்கியது.

மே மாதம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சென்னை ஆயிரம்விளக்குப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே வேலை பார்க்கும் காவலாளியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை ரெண்டு ராட்வீலர்கள் குதறின. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் நேராகப் போய்ச் சொன்னேன். அண்ணா, உங்கள் கேட் பாதி நேரம் திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் டியூஷனுக்கு உங்கள் தெரு வழியாகப் போவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. மெயின் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு போகிறார்கள். பால் ஊற்றும் அம்மா உங்கள் சொம்பைச் சுவர் மேல் வைத்துவிட்டு ஓடுகிறார். வெளியே கூட்டிப்போகும்போது சங்கிலி பிடிக்க வேண்டும், வாய்மூடி போட வேண்டும். கேட்டைச் சாத்துவதற்குக் காசே வேண்டாம். நாய் உங்களிடம் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களிடம் எப்படி இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். "நாயி ஒண்ணும் பண்ணாதுங்க தம்பி, வளக்கறவங்க சரியில்ல" என்றார்.

இந்த மனிதரை முழுசாகத் திட்டித் தீர்க்கவும் முடிவதில்லை. சித்திரை வெயில் நாற்பதைத் தொடும்போது கோழிக்கொட்டகைக்கு வாங்கிய ஃபாகரில் ஒன்றைக் கழற்றி நாய்க்கூண்டில் மாட்டிவிட்டு, இவர் வேர்க்க விறுவிறுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பண்ணையில் உடைகிற முட்டையெல்லாம் அதற்குத்தான். அவர் அப்பா படுக்கையில் விழுந்த கடைசி வருஷம், கட்டிலுக்கு அடியைவிட்டு அது நகரவில்லை. பெரியவருக்கு எல்லா நாயும் மணிதான். "மணி" என்பார், வந்து நிற்கும். சீசர் என்று கூப்பிட்டால் திரும்பாத ஜென்மம். ராத்திரி அவர் எழ முயன்றால் தொடையோடு தொடையாகச் சாய்ந்து நின்றுகொள்ளும். அதன் முதுகில் கையை ஊன்றிக் கொல்லைப்புறம் போய்வருவார். மாட்டைத் தள்ளுவதற்காக வந்த சாய்மானம்தான். இந்த வேலைக்கு அதை யாரும் பழக்கவில்லை.

இந்த வருஷம் சீசருக்கு ஒன்பது. அந்த ஜாதிக்கு அது கிழவயசு. பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கொண்டன. ஒருநாள் காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. "தம்பி, ஒரு கை புடிக்கோணும்." போனேன். ஒரு போர்வையில் போட்டு, முன்பக்கம் அவரும் பின்பக்கம் நானுமாகத் தூக்கிப் பொலேரோவில் ஏற்றி, கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆடுகளுக்கும் ஒரு கறவை மாட்டுக்கும் பின்னால் எங்கள் முறை வர ரெண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தத் தலை என் பாதத்தின் மேல் கிடந்தது. நான் காலை எடுக்கவில்லை. எடுக்க முடியவும் இல்லை, கனம் அப்படி. அவர் சவரம் செய்யாத முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற டாக்டர் மாணவர்களிடம் எல்லாம் தாத்தா பாட்டி பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

போன ஐந்தாம் தேதி சீட்டுப் பணத்தோடு போனேன். கேட்டுக்குள் வேப்பமர நிழலில் ஈரச் சாக்கின் மேல் படுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு காது மட்டும் அசைந்தது. நான் தாழ்ப்பாளில் கை வைத்ததும் உள்ளேயிருந்து அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். முதல் முறையாக வெளியே, வெயிலில்.

"பாத்து வாங்க தம்பி, பாத்து! கடிச்சுப்போடும்!"

நான் கையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கமாக நகர்ந்து நின்றேன்.

"கட்டிப்போடுங்ணா, அப்புறம் வர்றேன்."

"இருங்க, இருங்க" என்று சங்கிலியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.