வெந்நீரும் தாஷானும்

கேள்வி: சீனாவில் குடியேறும் வெள்ளைக்காரர் முதலில் எதற்குப் பழக வேண்டும்?

பதில்: வெந்நீருக்கு! ஷாங்காயில் ஜூலை மாதப் புழுக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் ஆவி பறக்கும் டம்ளர்தான் முதலில் வரும். ஐஸ் கேட்டால், 'வயிறு என்னத்துக்கு ஆகும்?' என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஜலதோஷமோ காதல் தோல்வியோ, அங்கே கைமருந்து அதுதான்.

ஆனால் அதற்கும் முன்னால் போலீஸ். ஓட்டலில் தங்காமல் வீடு பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பெயர் பதிந்தாக வேண்டும். பர்ஸ் வேண்டாம், கீரை விற்கும் அம்மாகூட கியூஆர் அட்டையைத்தான் காட்டுவார். போனில் சார்ஜ் தீர்ந்தால் கோடீஸ்வரனும் பரதேசி! சில லிஃப்டுகளில் 3-க்கு அடுத்து 5 வந்தால் பதறக் கூடாது. சீனத்தில் 'நான்கு' என்பது கிட்டத்தட்ட 'சாவு' மாதிரி ஒலிக்கும்.

மொழிதான் பெரிய தலைவலி. கனடாக்காரர் மார்க் ரோஸ்வெல், 'தாஷான்' (பெரிய மலை) என்ற பெயரில் 1988 முதல் சீன டி.வி.யில் சீனத்திலேயே ஜோக்கடித்துப் புகழ் பெற்றுவிட்டார். பாவம், மற்ற வெள்ளைக்காரர்கள்! நாலு வருஷம் முட்டி மோதி நாலு வாக்கியம் பேசினால், 'தாஷான் இதைவிட நன்றாகப் பேசுவாரே' என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கிய கதைதான்!