டெட்ராய்ட் பெருமக்களுக்கு ஒரு பாராட்டு மடல்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை 1980-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் வழிநடத்திய பெருமக்களே,

கார் விற்பனையில் உலகத்தின் முதல் இடத்தில் உங்கள் நிறுவனம் 77 ஆண்டுகள் இருந்தது. அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஒரு காலத்தில் உங்களுடையவை. இவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கட்டியவர்களைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்ட உங்களைப் புகழத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

முதலில் உங்கள் பொறுமை. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் உங்களுக்கு ஓர் ஆலை இருந்தது. அங்கே நூறு பேரில் இருபது பேர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. வந்தவர்களிலும் சிலர் ஷிப்ட் நேரத்திலேயே குடித்தார்கள். போல்ட் விட்டுப்போன காரும், மாற்றிப் பூட்டிய காரும் அசெம்பிளி லைனில் நகர்ந்தபடியே இருந்தன. கண்ணெதிரே பிழை போவதைப் பார்த்த தொழிலாளிக்கு அதை நிறுத்த உரிமை இல்லை. எது நடந்தாலும் லைன் ஓட வேண்டும், அன்றைய எண்ணிக்கை நிறைய வேண்டும் என்ற உங்கள் விரதம் ஒருநாளும் கலையவில்லை. பிழையோடு வெளியே வந்த கார்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, பிரித்து மறுபடி பூட்டும் செலவையும் முகம் கோணாமல் ஏற்றீர்கள். 1982-ல் ஆலையை மூடியபோதும் நீங்கள் குழம்பவில்லை. குற்றவாளி தொழிலாளிதான் என்பதில் உங்களுக்கு எள்ளளவும் ஐயம் இல்லை.

அடுத்தது உங்கள் வெஃகாமை. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதைத் தொழில்துறையில் உங்களைப்போல் கடைப்பிடித்தவர் எவருமில்லை. 1984-ல் அதே ஃப்ரீமான்ட் ஆலையை டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி திறந்தீர்கள். நம்மி என்று அதற்குப் பெயர். ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுடையது. அவர்கள் வேலைக்கு எடுத்ததோ பெரும்பாலும் நீங்கள் கைவிட்ட அதே ஆட்களை. தொழிற்சங்கமும் அதே சங்கம். சில நூறு பேரை ஜப்பானுக்கு அழைத்துப்போய் வேலை காட்டினார்கள். லைன் நெடுகிலும் ஒரு கயிற்றைக் கட்டி, பிழையைக் கண்டவர் யாராயினும் இழுக்கலாம் என்றார்கள். இழுத்த கணத்தில் குழுத் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார், திட்டுவதற்கு அல்ல, கைகொடுப்பதற்கு. தீராத பிழை என்றால் லைன் நின்றது. வேலைக்கு வராதவர் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு மூன்றாக இறங்கியது.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1986, 1987-ல் அளந்து பார்த்தார்கள். மாசசூசெட்ஸில் நீங்களே நடத்திய ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பூட்ட 31 மணி நேர உழைப்பு, நம்மியில் 19. நூறு காருக்கு அங்கே 130 குறைகள், இங்கே 45. அங்கே இரண்டு வாரத்துக்கான உதிரிபாகங்கள் ஸ்டாக்கில் கிடந்தன. இங்கே இரண்டு நாளைக்கானவை. அவ்வளவு ஸ்டாக் வைப்பதற்கும் பெரிய மனது வேண்டும். தவறாக வந்த ஒரு பாகம் இரண்டு வாரம் குவியலுக்குள் நிம்மதியாக ஒளிந்திருக்க அதுதான் இடம் தருகிறது. இரண்டு நாள் ஸ்டாக் வைப்பவனுக்கு அந்தப் பிழை மறுநாளே கண்ணில் பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

இந்த வித்தையைப் போட்டியாளரே தன் ஆலைக்குள் அழைத்து, ஒளிவுமறைவின்றி உங்கள் மேலாளர்களுக்குக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் மறுநாளே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் தொடவில்லை. கற்றுக்கொண்டு திரும்பியவர்களை ஆளுக்கொரு மூலையில் அமர்த்தினீர்கள். அவர்கள் சேர்ந்து எந்த ஆலையையும் மாற்றிவிடாதபடி பார்த்துக்கொண்டீர்கள். சில ஆலைகளில் கயிற்றைக் கட்டவும் செய்தீர்கள். ஆனால் மேலாளரின் போனஸ், வாசலைத் தாண்டும் கார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே இருந்தது. அதனால் கயிற்றை இழுக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. டொயோட்டாவின் கயிறு உங்களிடம் இருந்தது. அதை இழுத்தவனைக் காக்கும் வழக்கத்தை மட்டும் நீங்கள் இரவல் வாங்கவில்லை.

உங்கள் கொடைக்கு வருவோம். 1982-ல் ஜப்பானின் ஃபானுக் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோ கம்பெனி தொடங்கினீர்கள். 1984-ல் ஈ.டி.எஸ். என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். மறு ஆண்டே ஹியூஸ் விமான நிறுவனத்தை ஏறத்தாழ 500 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். டெட்ராய்ட்டில் போல்டவுன் என்ற குடியிருப்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை இழந்து வெளியேற, அந்த மண்ணில் ஹாம்ட்ராமிக் ஆலை எழுந்து 1985-ல் திறந்தது. வீடுகளோடு தேவாலயங்களும் இடிந்தன. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு ஔவை வியந்தாளே, உங்கள் ரோபோ வரிசையைக் கண்டால் அவள் மறுபடியும் வியந்திருப்பாள். கார் மேல் அடிக்க வேண்டிய பெயிண்ட்டை அந்த ரோபோக்கள் ஒன்றன்மேல் ஒன்று பீய்ச்சிக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆடம்பர இயந்திரம் குறைவாக இருந்த நம்மி நல்ல கார்களைச் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. சொந்தத் தொழிலாளியிடம் கேட்டால் இலவசமாகக் கிடைத்திருக்கும் விடையை, இத்தனை கோடி கொட்டி இயந்திரத்திடம் தேடியது சாதாரணக் கொடையா?

உங்கள் ஒற்றுமையையும் சொல்லாமல் விடக்கூடாது. சில கார்கள் ஓடும்போதே அவற்றின் இக்னிஷன் சுவிட்ச் தானாக அணைந்தது, அதனால் விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மாற்ற ஒரு டாலர்கூட ஆகாத பாகம். குறை பல ஆண்டுகளாக உள்ளே பலருக்குத் தெரிந்திருந்தும் 2014 பிப்ரவரியில்தான் உங்கள் நிறுவனம் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. சில வாரங்களில் அந்தக் கார்களின் எண்ணிக்கை 26 லட்சத்தைத் தொட்டது. 124 உயிர்கள் போனதாக இழப்பீட்டு நிதியின் கணக்கு சொல்கிறது. இதைப் பற்றி நிறுவனமே அமர்த்திய விசாரணை, உங்கள் கூட்டங்களின் மரபைப் பதிவு செய்தது. தீர்மானத்துக்கு எல்லோரும் ஒருமனதாகத் தலையாட்டுவார்கள், பிறகு ஒருவரும் செய்ய மாட்டார்கள். பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கைகளைக் குறுக்கே மடித்து அடுத்தவரைச் சுட்டுவார்கள். ஆபத்து, பழுது போன்ற சொற்களை அறிக்கைகளில் எழுதாதீர்கள் என்று 2008-லேயே ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். பழுது என்று எழுதுவதற்குப் பதில் வடிவமைப்பின்படி செயல்படவில்லை என்று எழுதச் சொன்னீர்கள். காருக்குள் இருந்தவர்களைக் காப்பதைவிடக் கோப்புக்குள் இருந்ததைக் காப்பதில் உங்களுக்கு இருந்த அக்கறைக்கு ஈடில்லை.

பகிர்ந்து உண்ணும் உங்கள் பண்பு கடைசியில் நாட்டுக்கே தெரிந்தது. 2008 நவம்பரில் தனி விமானத்தில் வாஷிங்டன் போய் உதவி கேட்டீர்கள். 2009 ஜூன் 1 அன்று திவால் மனு கொடுத்தீர்கள். ஏறத்தாழ 5,000 கோடி டாலர் மக்கள் வரிப்பணம் உள்ளே வந்தது. அதில் 1,000 கோடிக்கும் மேல் திரும்பவே இல்லை. லாபம் வந்த காலத்தில் பங்குதாரர்கள் சிலர். நஷ்டம் வந்தபோது அமெரிக்கர் அனைவரும். திவால் மனு கொடுத்த அதே மாதம் நம்மியிலிருந்து விலகினீர்கள். 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் காரை அனுப்பிவிட்டு அந்த ஆலை மூடியது. நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இரண்டாவது முறையும் அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

பெருமக்களே, உங்கள் பெயர் நிலைக்க வேண்டும். ஆலை நடத்தும் ஒவ்வொருவரும், நடத்தக் கற்கும் ஒவ்வொருவரும் உங்களை நினைக்க வேண்டும். உற்பத்தித்திறன் குறைந்தால் தொழிலாளியைத் திட்டுபவர்களும், போட்டியில் பின்தங்கினால் புது இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத் தூங்குபவர்களும் உங்கள் கதையைப் படிக்கட்டும். படித்த பிறகு தங்கள் ஆலைக்குள் போய் ஒன்றை மட்டும் பார்க்கட்டும். பிழையைக் கண்ட கடைநிலைத் தொழிலாளி லைனை நிறுத்தினால், அவர் வேலை அன்று மாலை வரை பத்திரமாக இருக்குமா?

ஃப்ரீமான்ட்டில் 1982-ல் இருந்த கட்டடமும் சங்கமும்தான் 1985-லும் இருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோரும் பழைய ஆட்களே. மாறியது நிர்வாகம் மட்டுமே.