பட்டியலில் இல்லாத சித்தாள்

பொருளாதாரத்தின் நாடியைப் பிடிக்க அமெரிக்கர்கள் மாதந்தோறும் கட்டடத் தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலியைப் பார்க்கிறார்கள். அணுபுரத்தில் அது செல்லாது. அணுவைப் பிளக்கத் தெரிந்தவர்கள் குடியிருக்கும் ஊர்தான்; கொத்தனாரின் நாளை மணியாகப் பிளக்க மட்டும் யாருக்கும் கைவரவில்லை. இங்கே ஒரு நாள் என்பது காலை டீயில் தொடங்கி, கரண்டியைக் கழுவி வைக்கும்வரை. மணல் லாரி வராமல் உட்கார்ந்திருந்தாலும் முழு நாள்தான். மழை வந்தால் மட்டும் அரை நாளா முழு நாளா என்று மேஸ்திரி வானத்தைப் பார்ப்பார்.

ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி, 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 850 ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 500. மத்தியப் பிரதேசத்தில் 300கூட இல்லை. வடக்கிலிருந்து வரும் ரயிலில் நிற்க இடமில்லாததற்கு வேறு விளக்கவுரை வேண்டுமா? அந்தச் சராசரியை நம்பி, 500 ரூபாய்க்குக் கொத்தனார் வேண்டும் என்று இந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பாவம் பார்த்து உங்களுக்கு அவரே டீ வாங்கித் தருவார்.

இன்னொரு நுட்பம்: பட்டியலில் இருப்பது ஆண்களின் கூலி. கலவைச் சட்டியைச் சும்மாட்டில் ஏற்றி, சாரத்துப் பலகையில் மாடிக்கும் தரைக்கும் நடக்கும் சித்தாளம்மா அதில் கிடையாது. பொருளாதாரம் அவர் தலைமேல் ஏறிப் போவதாலோ என்னவோ, கணக்குக்கு முகம் தெரியவில்லை.

வீடு கட்டுகிறவர்களே, கம்பி விலை ஏறினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் சித்தாளிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.