காட்சிக்கு விலை உண்டு, பத்திரம் இல்லை

கென்ட்டில் புது வீடு வாங்கப் போகிறீர்களா? சந்தோஷம். லண்டன் வாடகை கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும், ‘இங்கிலாந்தின் தோட்டம்’ என்று பேர் வாங்கிய சீமை வேறு. விற்பனை அலுவலகத்தில் ஒரு வழவழப்பான புத்தகம் தருவார்கள், புரட்டுங்கள். பூத்துக் குலுங்கும் ஆப்பிள் மரம், ஹாப்ஸ் காயவைத்த பழைய ஓஸ்ட் வீட்டின் வெள்ளைக் கூம்பு, பின்னால் நார்த் டவுன்ஸ் குன்றுகள், விட்ஸ்டபிள் கரையில் சிப்பி சாப்பிடும் ஒரு ஜோடி. எல்லாம் தாண்டி வீடு வரும். அதுவும் கம்ப்யூட்டர் வரைந்த வீடு. அந்தத் தெருவில் ஒரே ஒரு கார் நிற்கும். குப்பைத் தொட்டி என்ற ஒன்றே இருக்காது.

அந்த ஆப்பிள் மரத்துக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் மட்டும் அது வராது. 1610இல் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர் பக்கத்து வீட்டுப் பன்றிக்கொட்டிலின் நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்டார். நாற்றத்துக்கு நியாயம் கிடைத்தது. போகிற போக்கில் நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லி வைத்தது: கண்ணுக்கு இனிய காட்சி என்பது வெறும் இன்பம், அவசியம் அல்ல, அது மறைந்து போனால் வழக்குப் போட முடியாது. நானூறு வருஷமாக அதுதான் சட்டம். எதிரே உள்ள வயலில் ‘இரண்டாம் கட்டம்’ எழும்போது நீங்கள் கவுன்சிலுக்குக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதுவீர்கள். தனிமனிதரின் சன்னல் காட்சி மறைவதைத் திட்ட அனுமதியில் கணக்கில் எடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வரும். விற்கும்வரை அந்தக் காட்சி பில்டரின் மூலதனம், விற்ற மறுநாள் உங்கள் மனப்பிராந்தி.

அசல் ஆப்பிள்தான் பார்க்க வேண்டும் என்றால் ஃபேவர்ஷம் பக்கத்து ப்ராக்டேலுக்குப் போகலாம். 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை அங்கே தேசியச் சேகரிப்பாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். அழிந்த தோட்டங்களின் பெயரைத் தெருப்பெயர்ப் பலகைகள் பார்த்துக்கொள்கின்றன.

அடுத்து மாதிரி வீடு. கதவுகளைக் கழற்றி வைத்திருப்பார்கள், அறை பெரிதாகத் தெரிவதற்கு. கட்டில் ஒரு சுற்றுச் சிறியது. துணி வைக்க அலமாரி எங்கே என்று கேட்டுவிடாதீர்கள், காட்ட வந்த விற்பனைப் பெண்ணின் புன்னகை சுருங்கிவிடும். ஒரு வீட்டுக்குக் குறைந்தது இவ்வளவு இடம் வேண்டும் என்று 2015இல் அரசு ஓர் அளவு வகுத்தது. வகுத்துவிட்டு, விருப்பப்பட்ட கவுன்சில் மட்டும் கடைப்பிடிக்கலாம் என்றது. வேக வரம்பை விருப்பப்பட்ட ஓட்டுநர்களுக்கு மட்டும் வைத்த முதல் தேசம் இதுவாகத்தான் இருக்கும். வெளியே வந்து கூரையைப் பாருங்கள். அந்தச் செங்கல் புகைபோக்கிக்குக் கீழே அடுப்பு கிடையாது. கண்ணாடி இழையில் வார்த்து, கிரேனில் தூக்கி வைத்த பொம்மை. கிராமத்து அழகோடு ஒத்துப்போகிறதாம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி ஆஷ்ஃபோர்டு பக்கம் இப்படி ஒன்றை வாங்கினார்கள். பின்கட்டில் கறிவேப்பிலை வைக்கலாமா என்று அந்த அம்மாள் மண்வெட்டியை எடுத்தார். பச்சைப் புல் விரிப்பு பாய் மாதிரி சுருண்டு வந்தது. அதற்குக் கீழே நான்கு விரல்கடை மண். அதற்கும் கீழே உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, நசுங்கிய பானக் குப்பி, ஒரு கையுறை. வலது கையுறை. இடது கை எந்த வீட்டில் இருக்கிறதோ. புகார் சொன்னதும் பில்டரின் ஆள் வந்து பார்த்தார்.

“தோட்டத்து மண் எங்கள் பொறுப்பில் வராதுங்க.”

“சரி, மாடிச் சுவர் கோணலா இருக்கே?”

“அது ஏற்கத்தக்க அளவுக்குள்ள இருக்கு.”

“மாடிக் கதவு சாத்தவே மாட்டேங்குதே தம்பி?”

“வீடு புதுசு இல்லையா, இன்னும் உட்காரணும்.”

வீடு உட்காரும்வரை அவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. பத்து வருஷ உத்தரவாதம் இருக்கிறதே என்பீர்கள். முதல் இரண்டு வருஷம் இந்தத் தம்பியிடம்தான் கேட்க வேண்டும். மிச்ச எட்டு வருஷமும் பெரும்பாலும் கட்டமைப்புக் கோளாறுகளுக்கு மட்டும்தான். சாத்தாத கதவெல்லாம் கட்டமைப்பில் சேராது.

இவ்வளவுக்கும் பிறகு மாதத் தவணையோடு தொல்லை தீரும் என்று நினைத்தால் நீங்கள் பிரிட்டனுக்குப் புதிது. தெருவிளக்கு, புல்வெளி, குழந்தைகள் ஊஞ்சல், மழைநீர்க் குட்டை எதையும் கவுன்சில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. கவுன்சில் வரியை மட்டும் முழுசாக ஏற்றுக்கொள்ளும். புல் வெட்ட ஒரு நிர்வாகக் கம்பெனி வரும். அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றவும் முடியாது, அது கேட்கும் தண்டலைக் கட்ட மட்டும் முடியும். 2021–22இல் பெரிய 11 பில்டர்கள் விற்ற சொந்த நில வீடுகளில் 80 சதவீதத்துக்கு இந்தத் தண்டல் உண்டு, சராசரி வருஷத்துக்கு 350 பவுண்டு என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024இல் அறிக்கையே கொடுத்தது. சில வீடுகளில் இந்தத் தண்டலை ‘ரென்ட்சார்ஜ்’ என்று நிலத்தின் மேலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். 1925ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டப்படி, பழைய ரென்ட்சார்ஜ் பாக்கி 40 நாள் தாண்டினால் வீட்டின் மேல் நீண்ட காலக் குத்தகை எழுதி வசூலித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. சில்லறைக் காசு பாக்கிக்கு முழு வீடு! இந்த அக்கிரமத்தில் கைவைக்க நாடாளுமன்றத்துக்கு 2024 வரை நேரம் கிடைக்கவில்லை.

முள்ளெலிகளுக்கும் வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். வேலிக்கு அடியில் ஓட்டை, சுவரில் பறவைக் கூடு, வௌவால் பெட்டி எல்லாம் வரைபடத்தில் இருந்தன, அதைக் காட்டித்தான் அனுமதியே வாங்கினார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 42 குடியிருப்புகளை நடந்தே பார்த்து 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், முள்ளெலி வழிகளில் 83 சதவீதம் இல்லவே இல்லை. பறவை, வௌவால் பெட்டிகளில் முக்கால்வாசி இல்லை. ஒரு பெட்டி ஆணியடிக்க என்ன செலவாகிவிடும்? கணக்குக் கேட்க முள்ளெலி வராது என்ற தைரியம்தான். ஆட்களும் வருவதில்லை, ஏனென்றால் கட்டி முடித்தபின் போய்ப் பார்க்கக் கவுன்சில்களிடம் ஊழியர்கள் இல்லை.

இனி நாற்றம். புது வீட்டுக் கழிவை ஊர்க் குழாயில் இணைக்க 1991ஆம் வருஷச் சட்டம் உரிமை தருகிறது. அந்தக் குழாய் தாங்குமா என்பது பில்டரின் கவலை அல்ல. 2010 முதல் 2015 வரை கென்ட், சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் நீர்நிலைகளில் சதர்ன் வாட்டர் என்ற தண்ணீர்க் கம்பெனி சுத்திகரிக்காத கழிவைத் தெரிந்தே திறந்துவிட்டது. 6,971 தடவை! குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பெனிக்கு 2021இல் கேன்டர்பரி நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்தப் புத்தகத்து ஜோடி சாப்பிட்ட சிப்பி எந்தக் கடலில் வளர்ந்தது என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. கேன்டர்பரி பக்கத்து ஸ்டாட்மார்ஷ் நாணற்காட்டு ஏரிகள் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்து கெடுகின்றன, இனி வரும் வீடுகள் அதைக் கூட்டக் கூடாது என்று அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து 2020இல் சொன்னதும் கேன்டர்பரி, ஆஷ்ஃபோர்டு வட்டாரத்தில் அனுமதிகள் நின்றன. அரசு ஆற்றைச் சுத்தம் செய்திருக்கலாம். விதியைச் சுத்தமாகத் துடைக்கப் பார்த்தது. 2023 செப்டம்பரில் பிரபுக்கள் சபை தடுக்க வேண்டியிருந்தது. அதே வருஷக் கோடையில் குழாயில் குடிநீர் வராதபோது, குடிநீர்க் கம்பெனியான சவுத் ஈஸ்ட் வாட்டரின் தலைவர் காரணம் கண்டுபிடித்தார்: மக்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்களாம். வீட்டைக் கட்டி விற்றதும், அதில் ஆட்கள் இருப்பார்கள் என்பதை எதிர்பார்க்கவில்லை போலும்.

வீடு வேண்டாம் என்று சொல்வது என் வேலை அல்ல. முப்பது வயதில் இன்னும் அம்மா வீட்டுச் சின்ன அறையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். தன் வயலை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அடுத்தவன் வயலில் வீடு வருவதை எதிர்த்துத் தட்டி தூக்கும் கிராமத்துக் கனவான்கள் மேல் எனக்குத் துளி மரியாதை இல்லை. என் ஆத்திரமெல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கொள்ளையடிப்பவர்கள் மேல்தான். எளிய வருமானக்காரர்களுக்கு இத்தனை வீடு என்று ஒப்புக்கொண்டு அனுமதி வாங்குவார்கள், பிறகு ‘கட்டுப்படியாகவில்லை’ என்று கணக்குக் காட்டிக் குறைப்பார்கள். அந்தக் கணக்கில் விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் லாபம் பில்டருக்குப் பொருத்தமானது என்று அரசின் வழிகாட்டுதலே எழுதி வைத்திருக்கிறது. ஏழையின் வீடு குறையலாம், லாபம் குறையக் கூடாது. முதல் வீடு வாங்குவோருக்கு உதவி என்று 2013இல் தொடங்கிய ‘ஹெல்ப் டு பை’ கடனில் கொழுத்த பெர்சிமன் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜெஃப் ஃபேர்பர்னுக்கு 7.5 கோடி பவுண்டு போனஸ். 2018இல் செங்கல் ஆலை ஒன்றில் பிபிசி நிருபர் அதைப் பற்றிக் கேட்டதும் மனிதர் பேட்டியைப் பாதியில் விட்டு நடையைக் கட்டினார். பெரிய பில்டர்கள் ஏழு பேர் விலை விவரங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்களா என்று விசாரணை வந்தது. 2025இல் ஏழு பேரும் சேர்ந்து 10 கோடி பவுண்டு கொடுக்கிறோம், ஆனால் தப்பு எதுவும் செய்யவில்லை என்றார்கள். தப்பே செய்யாதவர்கள் எவ்வளவு தாராளம்!

கடைசியாக ஒன்று. குடிபோன எட்டாவது வாரம் ஒரு கேள்வித்தாள் வரும். உங்கள் பில்டரை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘ஆம்’ என்றால் பில்டர்கள் சங்கம் அந்தக் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கும். அதே கேள்வித்தாளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வீட்டில் குறை இருந்தது என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று குழம்பாதீர்கள். ஆஷ்ஃபோர்டு அம்மாளும் ‘ஆம்’ என்றுதான் டிக் அடித்தார். நீங்களும் அடியுங்கள். ஐந்து வருஷத்தில் இதை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாமா?